சேவையோடு சேர்த்து அறிவியல் நடத்துவது நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குச் சரிப்படுமா?

கேள்வி கேட்டவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் அறிவியல் ஆசிரியர். "இதெல்லாம் படிச்சு என்ன சார் பண்ணப் போறோம்" என்று பிள்ளைகள் கேட்கிறார்களாம். பயிற்சி வகுப்பில் சேவைவழிக் கற்றல் என்று ஒன்றை, அதாவது ஊருக்கு உதவும் வேலை ஒன்றைச் செய்துகொண்டே அதன் வழியாகப் பாடம் படிப்பதைச் சொல்லியிருக்கிறார்கள். அது கிராமத்துப் பள்ளிக்கு ஒத்துவருமா, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறார். காரைக்குடிப் பக்கம் எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஒத்துவரும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பிள்ளைகள் கண்டுபிடிக்கப்போகும் விடை, வகுப்புக்கு வெளியே இருக்கும் யாராவது ஒருவருக்கு உண்மையிலேயே தேவைப்பட வேண்டும். அப்படி ஒரு ஆள் இல்லையென்றால் அது சேவைவழிக் கற்றல் இல்லை, வேறு ஏதோ ஒன்று. அந்த வேறு ஏதோ ஒன்றும் நல்லதாகவே இருக்கலாம், அதில் தகராறு இல்லை.

உதாரணமாக, பிள்ளைகளை ஆத்தங்குடிக்குக் கூட்டிப்போய், அந்த ஊர்த் தரையோடான ஆத்தங்குடிக் கல் போடுவதைக் காட்டுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் கூட்டிப்போயிருக்கிறேன். கண்ணாடிப் பலகை மேல் அச்சை வைத்து, சாயம் கலந்த சிமென்ட் குழம்பை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமென்டும் போட்டு, காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைப்பதைப் பார்த்தால், சூளையே இல்லாமல் ஒரு ஓடு எப்படிக் கெட்டியாகிறது என்று ஒரு வகுப்பு முழுக்கப் பேசலாம். சிமென்ட் காய்வதால் இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது என்பது பலருக்கு அங்கேதான் புரியும். அதேபோல் செப்டம்பர் 26 சி.எஸ்.ஐ.ஆர். நிறுவன நாளையொட்டி, அதன் காரைக்குடி ஆய்வகமான சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) மாணவர்களை உள்ளே விடுவார்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து இந்த ஊருக்கு வந்த ஆய்வகம் அது. உள்ளூர்ப் பிள்ளை பார்க்காமல் யார் பார்ப்பது? ஆனால் இரண்டுமே சுற்றுலா. கல் போடுகிறவருக்கோ விஞ்ஞானிக்கோ நம் பிள்ளைகளிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது எதுவும் இல்லை.

இன்னொரு பக்கம் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் மாதிரியான வேலைகள். 1969-இல் தொடங்கிய திட்டம், எவ்வளவோ ஊர்களில் ஊருணியைத் தூர்வாரியிருக்கிறார்கள். மதிக்க வேண்டிய உழைப்பு. அதில் சேவை உண்டு, பாடம் இல்லை. சேவையும் பாடமும் ஒன்றையொன்று தாங்கி நிற்க வேண்டும் என்று 1960-களில் அமெரிக்காவில் பேச ஆரம்பித்து இந்தப் பெயரையும் வைத்தார்கள். கைவேலையின் வழியே பாடம் என்ற காந்தியின் ஆதாரக் கல்வி 1937-லேயே வார்தாவில் பேசப்பட்டுவிட்டது. அதனால் பயிற்சியில் இதைப் புதுச் சரக்கு மாதிரிச் சொன்னால் மிரள வேண்டாம்.

சரி, நாங்கள் செய்ததில் நன்றாக வந்த ஒன்றைச் சொல்கிறேன். கொசு.

செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். முகப்பு, வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் போய் முடியும். நாலு பக்கத்து ஓட்டுக்கூரைத் தண்ணீரும் வளவுக்குள் இறங்கும்படி கட்டியிருக்கிறார்கள். மழைக்கு ஏங்கும் சீமையில் அது பெரிய புத்திசாலித்தனம். கூரைத்தண்ணீரை அண்டாவிலும் கிடாரத்திலும் பிடிப்பார்கள், வீடு நிறைய ஆள் இருந்ததால் அன்றாடம் செலவாகிவிடும். இப்போது நிறைய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள், முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோதான் கதவு திறக்கும். ஐப்பசி மழையில் அதே அண்டாவும், கொல்லையில் கிடக்கும் உரலும் ஆட்டுக்கல்லும் நிரம்பி, கேட்பாரில்லாமல் நிற்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு வேண்டியது சாக்கடை இல்லை, இப்படித் தெளிந்து நிற்கும் தண்ணீர்தான்.

ஒன்பதாம் வகுப்பில் நுண்ணுயிரிகள் பாடத்தில் டெங்கு வருகிறது. பாடம் எடுப்பதற்கு முன்னால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சுகாதார ஆய்வாளரைப் பார்த்தேன். "பிள்ளைகளை வச்சு ஒரு கணக்கெடுப்பு செஞ்சா உங்களுக்குப் பிரயோஜனப்படுமா?" என்று கேட்டேன். அவர் பேரணி நடத்தச் சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். மனுஷன் மேசையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்து, "இதுல நிரப்பிக் குடுங்க சார், ஆள் பத்தல" என்றார். வீடு, தண்ணீர் நிற்கும் பாத்திரங்கள், அதில் புழு இருப்பவை. அவ்வளவுதான் படிவம்.

அந்தப் படிவத்துக்குள் ஒரு கணக்குப் பாடமே இருந்தது. பார்த்த வீடுகளில் நூற்றுக்கு எத்தனையில் புழு, பார்த்த பாத்திரங்களில் நூற்றுக்கு எத்தனையில் புழு, நூறு வீட்டுக்குப் புழு உள்ள பாத்திரங்கள் எத்தனை என்று மூன்று குறியீடுகள். 40 வீடு பார்த்து 6 வீட்டில் புழு இருந்தால் முதல் குறியீடு 15. அந்த ஆறு வீட்டில் மொத்தம் 10 பாத்திரத்தில் புழு இருந்தால் மூன்றாவது 25. இரண்டும் ஏன் வேறு வேறு, எந்த எண்ணை வைத்து எந்தத் தெருவுக்கு முதலில் ஆள் அனுப்புவது என்று பிள்ளைகள் சண்டையே போட்டார்கள். சதவீதக் கணக்கு என்றால் ஓடி ஒளிகிற பையன்களும் அதில் இருந்தார்கள்.

கருவி என்று பார்த்தால் டார்ச், ஒரு வெள்ளைக் கிண்ணம், ஒரு கரண்டி. வெளிச்சம் பட்டதும் புழு நெளிந்துகொண்டு அடிக்குப் போகும், கொஞ்ச நேரத்தில் மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். ஏடிஸ் புழு வால்பக்கக் குழாயை நீர்ப்பரப்பில் வைத்துத் தலைகீழாகத் தொங்கும். மலேரியாக் கொசுவான அனாஃபிலிஸின் புழு நீர்ப்பரப்பை ஒட்டிப் படுத்துக் கிடக்கும். புத்தகத்தில் இந்தப் படத்தை வரைந்து பாகம் குறிக்கச் சொன்னால் முனகுகிற பிள்ளை, அண்டாவுக்குள் அதைப் பார்த்தபிறகு கேட்காமலே வரைகிறது.

ஒரு வீட்டில் ஆச்சி ஒருவர் தனியாக இருந்தார். பிள்ளைகள், "ஆச்சி, அண்டாவுல கொசுப்புழு இருக்கு, ஊத்திரவா?" என்று கேட்டதற்கு, "அட போங்கப்பா, அது மழத்தண்ணிப் பூச்சி. எங்க அப்பத்தா காலத்துலேருந்து இருக்கு. நாலு நாள்ல தானாப் போயிரும்" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் பாதி சரி, நாலு நாளில் போய்விடும்தான். எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. பிள்ளைகள் வாதாடவில்லை. அந்தத் தண்ணீரை ஒரு ஊறுகாய்ப் பாட்டிலில் எடுத்து, வாயில் பழைய வேட்டித் துணியை இரட்டையாகக் கட்டி, ஆச்சி வீட்டுத் திண்ணையிலேயே வைத்துவிட்டு வந்தார்கள். புழு காற்புள்ளி மாதிரிச் சுருண்டு கூட்டுப்புழுவானது. அது ஒன்றும் தின்னாது, சும்மா மிதக்கும். ஒருநாள் காலையில் பார்த்தால் துணிக்கு உள்பக்கம் காலில் வெள்ளை வரி போட்ட கொசுக்கள் உட்கார்ந்திருந்தன. நாங்கள் பாட்டிலைத் திரும்ப வாங்கி, துணியை அவிழ்க்காமலே வெந்நீரை ஊற்றிக் கொன்றோம். அதற்குள் ஆச்சி தெருவில் பாதிப் பேரைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தார். பக்கத்தில் பூட்டிக்கிடந்த வீட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்று எங்களுக்கு எவ்வளவு விசாரித்தும் தெரியவில்லை. ஆச்சி ஒரு போன் போட்டார், சாயங்காலம் காவல்காரர் வந்து கதவைத் திறந்துவிட்டார்.

இதிலேயே ஒரு நல்ல சோதனையும் பிறந்தது. ஒரு வீட்டில் பாத்திரத்தை ஊற்றிக் காயவைத்துவிட்டார்கள், அடுத்த மழைக்கு மறுபடி புழு. "கொசு மறுபடி வந்து முட்டை போட்டிருக்கும்" என்றார்கள் சிலர். "பழைய முட்டையே இருந்திருக்கும்" என்றது ஒரு பிள்ளை. ஏடிஸ் தன் முட்டைகளைத் தண்ணீர் விளிம்புக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டிவிடும், அவை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் உயிரோடிருக்கும். இதை நான் அப்போது சொல்லவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று மட்டும் கேட்டேன். ஒரு பாத்திரத்தைத் தேங்காய் நாரால் நன்றாகத் தேய்த்துக் கழுவினார்கள், இன்னொன்றை வெறுமனே கவிழ்த்துக் காயவைத்தார்கள், பிறகு இரண்டிலும் குழாய்த் தண்ணீர் ஊற்றித் துணியால் மூடினார்கள். துணி எதற்கு என்று கேட்டேன். "புதுக் கொசு உள்ள போனா எது பழைய முட்டைனு எப்படி சார் தெரியும்?" என்றார்கள். கட்டுப்பாட்டுச் சோதனை என்பதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு இவ்வளவு தெளிவாக என்னால் புரியவைக்க முடிந்ததில்லை. தேய்க்காத பாத்திரத்தில் மட்டும் புழு வந்தது. அதற்கப்புறம் அவர்கள் வீடுவீடாகச் சொன்னது "தண்ணிய ஊத்துங்க" என்றில்லை, "வாரத்துக்கு ஒருநாள் தேச்சுக் கழுவுங்க" என்று. முட்டை பொரிந்து கொசுவாக ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடக்குறைய ஆகும், அதனால்தான் வாரம் என்ற கணக்கு என்பதையும் அவர்களே விளக்கினார்கள்.

இரண்டாவது உதாரணம் சின்னது. சத்துணவுக் கூடத்தில் சமைக்கிற அக்கா, "போர்த் தண்ணில பருப்பு வேக மாட்டேங்குது, கேஸ்தான் தீருது" என்று அலுத்துக்கொண்டார். கடின நீர் பாடத்துக்கு இதைவிட நல்ல வாசல் கிடைக்காது. சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு எத்தனை சொட்டில் நுரை நிற்கிறது என்று போர்த் தண்ணீர், கூட்டுக்குடிநீர், மழைநீர் மூன்றையும் ஒப்பிட்டார்கள். பிறகு ஒரே அளவு பருப்பு, ஒரே பாத்திரம், ஒரே தீ, எது எப்போது வேகிறது என்று பார்த்தார்கள். கடின நீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் செல்சுவரில் இருக்கும் பெக்டின் என்ற பசைப்பொருளைப் பிடித்து இறுக்கிவிடுவதால் வேக நேரமாகிறது. காரைக்குடிக்காரர்கள் சம்பை ஊற்றுத் தண்ணீரைப் பற்றிப் பெருமை பேசுவதை எங்கள் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். இப்போது எந்தத் தண்ணீரைப் பற்றியும் கொஞ்சம் வேதியியலோடு பேசுகிறார்கள். அக்கா பருப்புக்கு மட்டும் கூட்டுக்குடிநீர் பிடித்துவைக்க ஆரம்பித்துவிட்டார்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கையில் ஒரு டி.டி.எஸ். மீட்டர் கிடைத்ததும் பிள்ளைகள் ஊர் முழுக்க "இந்தத் தண்ணி நல்லது, இது கெட்டது" என்று தீர்ப்புச் சொல்லக் கிளம்பிவிடுவார்கள். அந்த மீட்டர் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்தத்தைத்தான் காட்டும். கிருமி இருக்கிறதா, ஃபுளூரைடு இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. இந்தியத் தர அளவின்படி ஃபுளூரைடு ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை. அதைப் பார்க்கக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புங்கள். குடிக்கலாமா கூடாதா என்று சொல்லும் பொறுப்பைப் பிள்ளைகள் தலையில் வைக்காதீர்கள்.

இதைவிடச் சங்கடமான ஒன்றும் இருக்கிறது, பயிற்சியில் சொல்லித்தர மாட்டார்கள். எந்தப் பிள்ளையை எந்த வீட்டுக்குள் விடுவார்கள் என்பது. ஒரு குழுவில் ஒருவனை வளவு வரை விட்டுவிட்டு இன்னொருவனைத் திண்ணையோடு நிறுத்துகிற வீடு இன்றும் உண்டு. எங்களிடம் உள்ள ஒரே விதி, குழு சேர்ந்தே உள்ளே போகும், இல்லையென்றால் சேர்ந்தே திரும்பிவிடும், படிவத்தில் "பார்க்கவில்லை" என்று எழுதிவிடும். சாதி பார்த்துக் குழு பிரித்தால் வேலை சுலபமாக முடியும், ஆனால் அந்த வேலையே வேண்டாம் என்பது என் கட்சி. முதலிலேயே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நின்றுகொண்டு முடிவெடுக்க முடியாது.

வேலை முடிந்ததும் பிள்ளைகளை எழுதவையுங்கள். நிறையப் பேர் இதை விட்டுவிடுவதால்தான் எல்லாம் புகைப்படத்தோடு நின்றுவிடுகிறது. "கொசு ஒழிப்பின் அவசியம்" என்ற கட்டுரை வேண்டாம், அதை நோட்ஸைப் பார்த்தே எழுதிவிடுவார்கள். எதை எதிர்பார்த்துப் போனாய், என்ன இருந்தது, இன்னும் எது புரியவில்லை என்று கேளுங்கள். "ஊருணியில அவ்வளவு தண்ணி இருக்கு, அங்க ஏன் சார் இந்தப் புழு இல்ல?" என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். மீன், தவளை, திறந்த நீர்நிலையைவிடப் பாத்திரத்தை விரும்பும் ஏடிஸின் குணம் என்று உணவுச்சங்கிலிப் பாடம் முழுவதும் அந்த ஒரு வரியில் தொடங்கியது.

எப்போது செய்வது என்றால், காலாண்டுத் தேர்வு முடிந்து மழை தொடங்கியதும் ஆரம்பித்து அரையாண்டுக்கு முன்னால் முடித்துவிடுங்கள். பத்தாம் வகுப்பைத் தொடாதீர்கள், பெற்றோரும் விடமாட்டார்கள், தலைமையாசிரியரும் விடமாட்டார். எட்டும் ஒன்பதும் தோதான வகுப்புகள். பெற்றோரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மாடி, கிணறு, தொட்டி எதிலும் பிள்ளைகள் ஏறவோ இறங்கவோ கூடாது. செலவு டார்ச்சுக்கான பேட்டரி அளவுதான்.

எந்த வேலையை எடுப்பது என்று புத்தகத்தைப் புரட்டித் தேடாதீர்கள். சுகாதார நிலையம், சத்துணவுக் கூடம், ஊராட்சி அலுவலகம் என்று ஒரு சுற்றுப் போய், எதெல்லாம் எண்ணிப் பார்க்க ஆள் இல்லாமல் நிற்கிறது என்று விசாரியுங்கள். பாடத்தை அப்புறம் பொருத்திக்கொள்ளலாம், அநேகமாக ஏதாவது ஒன்று பொருந்தும். சுகாதார ஆய்வாளர் ஒரு கடிதம் கொடுத்தால் வாங்கிக்கொண்டு, அதோடு தலைமையாசிரியர் அறைக்குப் போங்கள், வெறுங்கையோடு போனால் "சிலபஸ் முடிச்சாச்சா?" என்றுதான் கேட்பார்.