அமெரிக்காவில் கிறிஸ்தவ வீட்டுக்கல்விக் குழுவில் இருக்கிறோம். 14 வயது மகளுக்கு எந்த விருப்பப் பாடத்தைத் தேர்ந்தெடுப்பது?

புகைப்படக் கலை, மட்பாண்டம், விவாதம், தனிநபர் நிதி, அப்போலஜெட்டிக்ஸ் எனப்படும் விசுவாசத் தற்காப்பு. இந்த ஐந்தில் இரண்டுக்குத்தான் நேரம் இருக்கிறது, கல்லூரிச் சேர்க்கைக்கு உதவக்கூடிய இரண்டு எவை என்று கேட்டிருக்கிறீர்கள். டெக்சாஸில் இரண்டு பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைத்தவள் நான். முதல் மூன்று வருடம் எனக்கும் இதே கவலைதான். இப்போது என்னைக் கேட்டால், பாடத்தின் பெயரை விட்டுவிட்டு, நடத்துகிறவர் யார் என்று விசாரியுங்கள் என்பேன்.

நம் வீடுகளில் ஆசிரியையும் நாமே, தலைமையாசிரியையும் நாமே, சமையல்காரியும் நாமே. “இந்தக் கட்டுரையைத் திருத்தி எழுது” என்று காலையில் நான் சொன்னதை இரவுச் சாப்பாட்டுக்குள் பேசிக் கரைத்துவிடலாம் என்பது என் மகளுக்கு நன்றாகத் தெரியும். வீட்டுக்கல்விக் குடும்பங்கள் சேர்ந்து வாரம் ஒரு நாள் தேவாலயக் கட்டடத்தில் நடத்தும் கோ-ஆப் என்ற கூட்டு வகுப்பில்தான், அம்மா அல்லாத ஒருவர் அவள் எழுதியதை வாசித்து, போதாது என்று திருப்பிக் கொடுத்தார். “பள்ளிக்கூடத்துக்கே போகாத பிள்ளைக்கு விருப்பப் பாடம் வேறா?” என்று ஊரிலிருந்து தொலைபேசியில் கேட்ட என் மாமியாருக்கு நான் சொன்ன பதிலும் இதுதான். அத்தைக்கு அது திருப்தி தரவில்லை.

தோழி சேர்ந்திருக்கிறாள் என்பதற்காக மகள் புகைப்பட வகுப்பைக் கேட்டாள். நான் பிடிவாதமாக விவாத வகுப்பில் சேர்த்தேன். 1858இல் இல்லினாய் மாநிலத்தில் பின்னாளில் அதிபரான லிங்கனும் செனட்டர் டக்ளஸும் ஏழு ஊர்களில் மோதிய விவாதங்களின் பெயரைத் தாங்கிய முறை அது. ஒருவருக்கு எதிராக ஒருவர். வாதத்தை வைத்து முடித்ததும் எதிராளி மூன்று நிமிடம் குறுக்குக் கேள்வி கேட்பார். முதல் போட்டியில் மகள் தோற்றாள். நடுவராக அமர்ந்திருந்தவர் வேறொரு பிள்ளையின் தகப்பனார். மதிப்பீட்டுத் தாளில், அவளுடைய முதல் வாதமும் மூன்றாவது வாதமும் ஒன்றையொன்று வெட்டுகின்றன என்று எழுதியிருந்தார். இரண்டு வாரத்துக்கு முன் அதையேதான் நான் சமையலறையில் நின்று சொன்னேன். “உங்களுக்குப் புரியவில்லை அம்மா” என்றாள். அந்தத் தாளைப் பார்த்த அன்று இரவே மூன்றாவது வாதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினாள். எனக்குச் சந்தோஷமா, எரிச்சலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அப்படியானால் விவாதம்தான் சிறந்த பாடம் என்று நினைத்து அடுத்த வருடமும் சேர்த்தேன். நடத்துகிறவர் மாறியிருந்தார். நல்ல மனிதர், வாரந்தோறும் ஐம்பது நிமிடம் அவரே பேசினார். பிள்ளைகள் ஒருமுறையும் எழுந்து நிற்கவில்லை. அதே வருடம், நான் மதிக்காத அந்தப் புகைப்பட வகுப்பில் என் மகன் சேர்ந்தான். அங்கே ஆசிரியர் 24 படங்களில் 20ஐத் தள்ளிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் காரணம் எழுதிக் கொடுத்தார். அவன் அந்த இருபதையும் மறுபடி எடுக்க வீதி வீதியாக அலைந்தான்.

எனவே பெயர் கொடுப்பதற்கு முன், போன வருடம் அந்த வகுப்பில் இருந்த ஒரு பிள்ளையைக் கேளுங்கள். பெற்றோரைக் கேட்டால் “அருமையான வகுப்பு” என்றுதான் வரும், நாங்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் முகம் பார்க்க வேண்டியவர்கள். பிள்ளையிடம், ஆசிரியர் கடைசியாக எதைத் திருப்பிக் கொடுத்தார், வருட முடிவில் அதை யார் முன்னால் வைத்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். பதில் வர நேரமானால் அதுவே பதில்.

கல்லூரி விஷயம். டெக்சாஸில் 1994இல் மாநில உச்ச நீதிமன்றம் வீட்டுக்கல்வியைத் தனியார் பள்ளிக்குச் சமமாக ஏற்றது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணிதம், நல்ல குடிமைப் பண்பு ஆகிய ஐந்தும் இருந்தால் போதும், விருப்பப் பாடம் கட்டாயமே இல்லை. கல்லூரி கேட்கும் டிரான்ஸ்கிரிப்டை, அதாவது பாடங்களும் மதிப்பெண்களும் அடங்கிய பட்டியலைத் தயாரிப்பதும் நாம்தான். நியூயார்க், பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் பிடி இறுக்கம், உங்கள் மாநிலச் சட்டத்தை முதலில் பார்த்துவிடுங்கள். அதில் ஒவ்வொரு பாடத்துக்கும் போடும் அளவுதான் கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் ஏறத்தாழ 120 மணி நேரம் என்பது பழைய கணக்கு. வாரம் ஒரு மணி நேரம் வீதம் 30 வாரம் நடக்கும் கோ-ஆப் வகுப்பு 30 மணி நேரம்தான். வீட்டிலும் வாரம் ஒரு மணி நேரம் உழைத்தால் அரை கிரெடிட். முதல் வருடம் நான் தாராளமாக முழு கிரெடிட் போட்டுவிட்டு, பிறகு வெட்கத்தோடு திருத்தினேன். மட்பாண்டத்தில் சிக்கல் இதுதான்: சூளை கோ-ஆப்பில் இருக்கும், வீட்டில் என்ன செய்து மணி நேரத்தைக் கூட்டுவீர்கள்? இன்னொன்று, கல்லூரி வாரியத்தின் ஒப்புதல் பெறாத வகுப்புக்கு ஏபி (கல்லூரித் தரத்தில் நடத்தும் உயர்நிலைப் பள்ளிப் பாடம்) என்று பெயர் போடாதீர்கள்.

தனிநபர் நிதியை நானே இரண்டு வருடம் நடத்தியிருப்பதால் என் பேச்சில் கொஞ்சம் பாசம் கலந்திருக்கும். வட்டி, பட்ஜெட் என்று ஆரம்பித்தபோது எல்லோரும் தூங்கினார்கள். ஒரு சம்பளச் சீட்டைக் கையில் கொடுத்ததும் விழித்துக்கொண்டார்கள். மணிக்கு 15 டாலர், 20 மணி நேரம், ஆக 300 டாலர். டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை. கூட்டாட்சி வருமான வரியையும் தள்ளிவைத்துவிட்டேன். அப்படியும் சமூகப் பாதுகாப்பு என்ற அரசு ஓய்வூதியத் திட்டத்துக்கு 6.2 சதவீதம், மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கு 1.45 சதவீதம் என்று 22 டாலர் 95 சென்ட் போய்விட்டது. ஹாம்பர்கர் கடையில் வேலை செய்துகொண்டிருந்த பையனின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

விசுவாசத் தற்காப்பு வகுப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கோ-ஆப்பில் சேரும்போது நாம் கையெழுத்திடும் விசுவாச அறிக்கை ஒன்று, வகுப்பில் வைக்கும் புத்தகம் இன்னொன்று. ஞானஸ்நானம், பூமியின் வயது போன்றவற்றில் புத்தகம் சொல்வதும் உங்கள் சபை போதிப்பதும் வேறாக இருக்கலாம். புத்தகத்தை முன்கூட்டியே வாங்கிப் படியுங்கள். அதை விருப்பப் பாடமாகவே வைத்துக்கொள்ளுங்கள், அறிவியலுக்கோ வரலாற்றுக்கோ ஈடாகக் காட்டாதீர்கள். சில கிறிஸ்தவப் பள்ளிப் பாடங்களைச் சேர்க்கைக்கு ஏற்க மறுத்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மீது கிறிஸ்தவப் பள்ளிகள் தரப்பில் வழக்குத் தொடுத்தார்கள். 2008இல் கீழ் நீதிமன்றமும் 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பல்கலைக்கழகத்தின் பக்கமே நின்றன. மற்றபடி, எதிர்க் கேள்வி கேட்க விடுகிற ஆசிரியர் என்றால் என் பிள்ளைகளை அந்த வகுப்புக்குத் தயங்காமல் அனுப்புவேன்.

கோ-ஆப்பில் உங்களுக்கும் ஏதாவது பொறுப்புத் தருவார்கள், தப்ப முடியாது. மகள் படிக்கும் வகுப்பில் உதவியாளராக மட்டும் போய் நிற்காதீர்கள். மழலையர் அறைக்குப் பெயர் கொடுங்கள். அங்கே எப்போதும் ஆள் போதாது, அந்த அறையிலிருந்து அவள் வகுப்பில் நடப்பது காதில் விழவும் செய்யாது.