கடற்கரை ஓரம் வீடு எடுத்துத் தங்கினால் மனசுக்கு அமைதி கிடைக்குமா?

கேட்டவரும் என்னைப் போல கடல் இல்லாத ஊர்க்காரராகத்தான் இருப்பார். நான் தர்மபுரி மாவட்டம், பாலக்கோட்டுப் பக்கம். எங்களுக்குத் தண்ணீர் என்றால் ஒகேனக்கல், இல்லாவிட்டால் கிணறு.

2024 கடைசியில் வேலைக்காக சென்னை கொட்டிவாக்கத்தில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அறை எடுத்தேன். வீட்டுக்காரர் என் பல்லைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "பாக்கு போடுவியா தம்பி?" எங்கள் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். சின்ன வயதில் அதைக் குடித்தால் பல்லில் பழுப்புக் கறை விழும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே 2013ல்தான். என் பல் அதற்கு முன்பே முளைத்துவிட்டது. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆனாலும் இன்றுவரை ஆறவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரியில் ஒரு நாள் விடிகாலை நடக்கப் போனேன். தூரத்தில் பாறை மாதிரி ஏதோ கிடந்தது. கிட்டே போனால் நாற்றம். ஆமை. கண் பிதுங்கி, கழுத்து ஊதி, ஓட்டில் விரிசல். பின்பக்கம் நாய் ஒன்று இழுத்துக்கொண்டிருந்தது முட்டையை. முட்டையிடக் கரை தேடி வந்த தாய். வலை உலர்த்திக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர், "பங்குனி ஆமை தம்பி. இழுவலையில மாட்டுனா மூச்சு வாங்க மேல வர முடியாது, செத்துடும்" என்றார். அந்த ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின.

உடனே 'மீனவர்களைக் குறை சொல்கிறான்' என்று கிளம்பி வராதீர்கள். அந்த அண்ணனிடம் இருந்தது சின்ன ஃபைபர் போட். ஆமை மாட்டினால் வலையை அறுத்து விட்டுவிடுவேன் என்றார், நம்புகிறேன். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவலை போடக் கூடாது என்பது விதி. விதி எழுதியவர்கள் கடலில் நிற்பதில்லை, அவ்வளவுதான்.

எனக்கு உறுத்துவது வேறு. முதல் ஆமைக்கு அன்று சோறு இறங்கவில்லை. மூன்றாவது வாரம், மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றிப் போய்விட்டேன், காதில் பாட்டோடு. 2023 மார்ச்சில் எங்கள் ஊர்ப் பக்கத்து மாரண்டஅள்ளியில் மின்வேலியில் மூன்று யானைகள் செத்து, இரண்டு குட்டிகள் அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தபோது கண்கலங்கியவன் நான்தான். ஆமை ஊர்க்காரி இல்லை என்பதாலா? தெரியவில்லை.

பங்குனியில் ஒரு நாள் சாயங்காலம் தன்னார்வப் பிள்ளைகள் குஞ்சு விடுவதைப் பார்த்தேன். ராத்திரி ராத்திரியாக நடந்து, நாய்க்கு முந்தி முட்டையை எடுத்து வேலிக்குள் புதைத்து, ஒன்றரை மாதத்துக்கு மேல் காத்திருந்து பொரித்தவை. உள்ளங்கை அகலம்கூட இல்லை. தூக்கித் தண்ணீரில் போடக் கூடாதாம், மணலில் அதுவாகத்தான் நடக்க வேண்டுமாம். ஒன்று அலையில் மூன்று தடவை புரண்டு திரும்பி வந்தது; நான்காம் தடவை வரவில்லை. ஆயிரத்தில் ஒன்றுதான் பெரிதாகும் என்றாள் ஒரு பெண், டார்ச்சை அணைத்துக்கொண்டே. தெருவிளக்கு வெளிச்சத்தைக் கடல் என்று நினைத்து ரோட்டுப் பக்கம் போகும் குஞ்சுகளும் உண்டாம். என் அறை இருந்ததும் அந்த ரோட்டில்தான்.

அமைதியா? ஜனவரியில் ஒரு தடவை, பங்குனியில் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள். உப்புக் காற்றில் வண்டியும் துருப்பிடிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.