குறட்டை நின்றால் போதுமா?

கேள்வி: என் கணவருக்கு 48 வயது. பலத்த குறட்டை விடுவார். நடுவே மூச்சு நின்று, திணறலோடு விழித்துக்கொள்வார். இரவில் தூங்கும்போது மூச்சைக் கண்காணிக்கும் ஸ்லீப் ஸ்டடி பரிசோதனையில் மணிக்கு 22 முறை மூச்சு தடைபடுவதாக வந்தது. தொண்டைப் பாதை அடையாதபடி முகமூடி வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் சிபாப் இயந்திரத்தைத் தந்தார்கள்; அந்த முகமூடியுடன் அவரால் தூங்க முடியவில்லை. வாயில் மாட்டும் கருவி இதற்கு உதவுமா? வெந்நீரில் போட்டுக் கடித்துப் பொருத்திக்கொள்ளும் கருவி கடையிலேயே மலிவாகக் கிடைக்கிறதே, அது போதாதா?
- வாசகி, ஈரோடு

பதில்: உதவக்கூடும். மணிக்கு 5 முதல் 15 வரை தடைபட்டால் லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரமானது, அதற்கு மேல் தீவிரமானது என்பது மருத்துவக் கணக்கு. உங்கள் கணவர் நடுத்தர நிலையில் இருக்கிறார். சிபாப் ஒத்துக்கொள்ளாத இத்தகையவர்களுக்கு வாய்க்கருவி ஏற்கப்பட்ட மாற்றுச் சிகிச்சை. ஆனாலும் மூச்சுத்தடையைக் குறைப்பதில் சிபாப்பே வலிமையானது என்பதால், மூக்கை மட்டும் மூடும் சிறிய முகமூடியையும் காற்றை ஈரப்படுத்தும் வசதியையும் ஒருமுறை முயன்று பார்க்கச் சொல்லுங்கள். மூக்கடைப்பு இருந்தால் அதற்கும் சிகிச்சை பெற வேண்டும்.

உறக்கத்தில் தசைகள் தளரும்போது நாக்கு பின்னால் சரிந்து தொண்டைப் பாதையை அடைக்கிறது. நாக்கின் முக்கியத் தசை கீழ்த்தாடையின் உட்புறத்தில் பிணைந்திருப்பதால், மேல் பற்களிலும் கீழ்ப் பற்களிலும் மாட்டும் இரண்டு தகடுகளைக் கொண்டு தாடையைச் சற்று முன்னே நிறுத்தினால் நாக்கும் உடன் முன்னே வந்து காற்றுப் பாதை அகலுகிறது. எவ்வளவு முன்னே என்பதில்தான் பல் மருத்துவரின் திறமை இருக்கிறது. உங்கள் கணவர் தாடையை முன்னே நீட்டக்கூடிய முழு அளவில் ஏறக்குறைய பாதியில் தொடங்கி, வலியையும் பலனையும் கவனித்து, சில வாரங்களில் சிறிது சிறிதாகத் திருகி நகர்த்துவார்கள். கடைக் கருவியில் இந்த நுணுக்கம் இராது. பற்களில் சரியாகப் பிடிக்காமல் இரவில் கழன்றும் விடும். அதை வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

அளவெடுக்கும் முன் ஈறு நோய், ஆடும் பற்கள், காதோரத் தாடை மூட்டில் வலி ஆகியவை இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். தொடக்கத்தில் எச்சில் ஊறுவதும் தாடை வலிப்பதும் இயல்பு. காலையில் இட்லியை மெல்லும்போது கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று சேரவில்லை என்பார். மருத்துவர் தரும் கடிப் பயிற்சியைச் செய்தால் பெரும்பாலும் சிறிது நேரத்தில் சரியாகிவிடும். ஆண்டுக்கணக்கில் அணிபவர்களுக்குப் பற்களின் கடி நிரந்தரமாகவே சற்று மாறலாம் என்பதால், ஆறு மாதத்துக்கொரு முறையாவது பரிசோதனை தேவை.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது ஒன்று உண்டு. கருவி மாட்டியதும் குறட்டை அடங்கிவிடும். வீட்டில் எல்லோரும் நிம்மதியாவார்கள். ஆனால் சத்தம் அடங்கிய பின்னும் மூச்சு தடைபட்டு, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்துகொண்டே இருக்கலாம். அதை அருகில் படுத்திருக்கும் நீங்களே கண்டுபிடிக்க முடியாது. எனவே கருவியின் அளவு நிலைபெற்றதும், அதை அணிந்த நிலையிலேயே மீண்டும் ஸ்லீப் ஸ்டடி செய்து, 22 என்ற எண் எங்கே வந்திருக்கிறது என்று தூக்கநோய் மருத்துவரிடம் காட்டுங்கள். செலவைக் கருதி இதைத் தவிர்க்காதீர்கள், ஏனெனில் அடங்காத மூச்சுத்தடை ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்புக் கோளாறையும் பக்கவாத அபாயத்தையும் கூட்டக்கூடியது. அந்த முடிவு வரும்வரை சிபாப் இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம்; பகலில் கண் சொக்கினால் அவர் வண்டி ஓட்டவும் வேண்டாம்.

கேள்வி: முழுப் பல் செட் அணிந்திருக்கும் என் அம்மாவுக்கும் இதே கருவி பொருந்துமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: பெரும்பாலும் பொருந்தாது. தாடையை முன்னிழுக்கும் கருவிக்குப் பிடிமானமே உறுதியான சொந்தப் பற்கள்தாம். பல் இல்லாதவர்களுக்கு, நாக்கின் நுனியை உறிஞ்சிப் பிடித்து முன்னே நிறுத்தும் வேறுவகைக் கருவி உண்டு. அது எல்லோருக்கும் பழகுவதில்லை. முதலில் சிபாப்பை முயல்வதே அம்மாவுக்கு நல்லது.