பதிலை முதலில் சொல்லுங்கள், தங்கை

அன்புள்ள தங்கைக்கு,

கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து நான்கு மாதங்கள் ஆகியும், வேலைத்தலத்தில் மேற்பார்வையாளர் உங்களிடம் "கொஞ்சம் ஆறுதலாக, மெதுவாகச் சொல்லுங்கள்" என்றும், சற்று நேரத்தில் "சரி, விஷயம் என்ன?" என்றும் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். ஆங்கிலம் போதாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1999இல் நான் ரொறன்ரோ வந்தபோது இந்த இரண்டையும் நாள்தோறும் கேட்டேன். இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பதை உணரப் பல ஆண்டுகள் பிடித்தன.

நம் மொழியில் வினைச்சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வரும். நாம் கதைக்கும் முறையும் அப்படித்தான்: யார், எங்கே, எதனால் என்று பின்னணியை விரித்துவிட்டு, சொல்ல வந்ததை இறுதியில் வைப்போம். ஊரில் அதுவே மரியாதை. படலையைத் திறந்தவுடன் கடன் கேட்பவர் எவருமில்லை. இங்கோ வேலைத்தலத்திலும் அலுவலகங்களிலும் கேட்பவர் முதல் வாக்கியத்திலேயே பதிலை எதிர்பார்க்கிறார். அது வராதபோது அவருடைய முகம் மாறுகிறது. அதைக் கண்டதும், அவர் இடைமறிக்குமுன் முடித்துவிட வேண்டுமென்று நாம் விரைகிறோம். வேகம் அங்கேதான் பிறக்கிறது.

ஒருமுறை குடும்ப வைத்தியர் "வலி எப்போது தொடங்கியது?" என்று கேட்டார். பேருந்திலிருந்து இறங்கும்போது பனியில் சப்பாத்து வழுக்கியது, மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர நேரமாகிக்கொண்டிருந்தது என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். விசைப்பலகையின் மேல் அவருடைய விரல்கள் அசையாமல் நின்றன, ஏனென்றால் எழுதுவதற்கு நான் இன்னும் எதையும் கொடுத்திருக்கவில்லை. "மூன்று கிழமைகளுக்கு முன், வலது முழங்காலில்" என்று தொடங்கியிருந்தால், வழுக்கி விழுந்த கதையை அவரே கேட்டு வாங்கியிருப்பார். அன்று முதல், வைத்தியரிடம் போகுமுன் ஒரு துண்டுத் தாளில் முதல் வாக்கியத்தை மட்டும் எழுதிக்கொள்கிறேன். இன்றும் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

மெதுவாகப் பேசுவதென்றால் ஒவ்வொரு சொல்லையும் இழுப்பது என்று நம்மவர் பலர் நினைக்கிறார்கள். அது கேட்பவருக்கு இன்னும் சிரமம். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவதுதான் உதவும். தொலைபேசியில் தபால் குறியீட்டைச் சொல்லிப் பாருங்கள்: எழுத்தும் இலக்கமுமாக ஆறு இருக்கின்றன; மூன்றைச் சொல்லி, ஒரு மூச்சு விட்டு, மற்ற மூன்றையும் சொன்னால் எவரும் திருப்பிக் கேட்பதில்லை. உங்கள் நீண்ட பெயரையும் அப்படியே பிரித்துச் சொல்லலாம். அழுத்தத்தையும் கவனியுங்கள். தமிழில் அசைகளை ஏறக்குறைய ஒரே பலத்துடன் ஒலிக்கிறோம். ஆங்கிலத்திலோ ஓர் அசை ஓங்கி, மற்றவை அடங்கும். 'ஹோட்டல்' என்று நாம் முன்னசையை ஊன்றிச் சொல்வதை அவர்கள் பின்னசையில் ஊன்றுகிறார்கள். அந்த ஊன்றல் இடம் மாறினால், எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் சொல் பிடிபடாது.

நிரந்தர வதிவிட உரிமை உங்களிடம் இருந்தால், 1992 முதல் மத்திய அரசின் செலவில் நடக்கும் 'லிங்க்' என்ற, புதிதாகக் குடியேறியவர்களுக்கான ஆங்கில வகுப்பில் கட்டணமின்றிச் சேரலாம். வேலை நேரம் இடம் கொடுக்காவிட்டால், ரொறன்ரோ பொது நூலகக் கிளைகள் சிலவற்றில் ஆங்கில உரையாடல் வட்டங்கள் இலவசமாக நடக்கின்றன. எனக்கு அவையே அதிகம் உதவின, ஏனெனில் அங்கே இருப்பவர்களும் சொற்களைத் தேடிக்கொண்டிருப்பவர்கள், ஒருவரும் அவசரப்படுத்துவதில்லை. இந்தக் கிழமை மேற்பார்வையாளர் ஏதாவது கேட்டால், பதிலை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். காரணம் வேண்டுமென்றால் அவர் கேட்பார். அப்போது ஆறுதலாகச் சொல்ல உங்களுக்கு நேரம் இருக்கும்.