தமிழில் யோசிப்பதால்தான் ஆங்கிலத்தில் ஒருமை பன்மை தடுமாறுகிறதா?

பாதி உண்மை. மீதிப் பாதியில் தமிழ்தான் கைகொடுக்கும்.

மும்பை தாராவியில் மாலை நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள். நீங்கள் கேட்கும் தடுமாற்றத்தைத் தினமும் நோட்டில் பார்க்கிறேன்.

தமிழில் அஃறிணைக்குக் 'கள்' கட்டாயமில்லை. 'நாலு மாடு', 'பத்து இட்லி' என்றால் போதும், எண்ணே பன்மையைச் சொல்லிவிடும். நன்னூல் இதற்குப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று பெயரே வைத்திருக்கிறது. அந்தப் பழக்கத்தில் 'டூ புக்' வந்துவிடுகிறது. 'ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்' பெரியவர்களிடமும் உண்டு. 'என் நண்பர்களில் ஒருவர்' என்று மனசுக்குள் சொல்லிப் பாருங்கள், 'ஃபிரெண்ட்ஸ்' தானாக வரும்.

போன மாதம் போர்டில் 'டென் ஃபுட் வால்' என்று எழுதினேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி உடனே கேட்டாள்: "டீச்சர், பத்துன்னா ஃபீட்தானே? நம்ம ரோட்டையே நைன்டி ஃபீட் ரோடுன்னுதானே சொல்றோம்?"

எவ்வளவு கவனம் பாருங்கள்! சுவர் எத்தனை அடி உயரம் என்று கேட்டால் 'டென் ஃபீட்'. அந்த அளவே 'வால்' என்ற சொல்லுக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொண்டால் 'டென் ஃபுட் வால்'. பழைய ஆங்கிலத்தில் எண்ணுக்குப் பிறகு 'அடிகளின்' என்ற பொருளில் 'ஃபோட்டா' என்று ஒரு வேற்றுமை வடிவம் வரும். அதன் கடைசி உயிர் தேய்ந்துபோனதால் இன்று ஒருமை மாதிரி தெரிகிறது. 'ஃபீட்' வந்த வழி வேறு. மிகப் பழைய பன்மை விகுதியில் இருந்த இகரம், சொல்லின் நடு உயிரை மாற்றிவிட்டு மறைந்துபோனது. டூத் டீத் ஆனதும் கூஸ் கீஸ் ஆனதும் இப்படித்தான்.

இத்தனையையும் அவளிடம் சொல்லவில்லை. "பத்து அடிகள் சுவர்னு சொல்வியா, பத்தடிச் சுவர்னு சொல்வியா?" என்று மட்டும் கேட்டேன். சிரித்துவிட்டாள். 'அஞ்சு ரூபாய் நாணயம்' என்பது 'ஃபைவ் ருபீ காயின்'. 'பத்து வயசுப் பையன்' என்பது 'டென் இயர் ஓல்ட் பாய்'. இந்த இடத்தில் தமிழ்க் காதை அப்படியே நம்பலாம். சாலையின் பெயர் மட்டும் பெயர்தான், முகவரியில் ஊர் வழக்கப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

அப்புறம் ஃபர்னிச்சர், லக்கேஜ், இன்ஃபர்மேஷன். இவற்றுக்கு 'ஸ்' சேர்க்கக் கூடாது என்று மனப்பாடம் செய்ய வைத்தால் பரீட்சை முடிந்ததும் மறந்துவிடும். எங்கள் சந்தில் குழாயடியில் நிற்கும் எந்தப் பிள்ளையும் 'இரண்டு தண்ணீர்' என்று சொல்லாது. 'இரண்டு குடம் தண்ணீர்' என்றுதான் சொல்லும். ஆங்கிலக்காரருக்கு ஃபர்னிச்சரும் தண்ணீர் மாதிரி. குடத்தைத்தான் எண்ண வேண்டும்: 'டூ பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர்'. இதைச் சொன்ன மறுநாள் அந்தப் பெண்ணின் நோட்டில் பழைய 'ஃபர்னிச்சர்ஸ்' அடிக்கப்பட்டு, பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னக் குடம் வரைந்திருந்தது.