உடும்புக்கறியும் இன்சுலின் ஊசியும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். கல்லூரியில் விலங்கியல் படித்தவள். இப்போது தோப்பு, மாடு, பிள்ளைகள் என்று நாள் போகிறது. என் மாமனாருக்குப் பல வருடமாகச் சர்க்கரை. காலையும் இரவும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். குதிகாலில் ஒரு புண் வந்து ஆறாமல் இழுத்துக்கொண்டிருக்கிறது.

வாட்ஸ்அப்பில் வந்த ஒரு ஆடியோவைக் கேட்டதில் இருந்து என் கொழுந்தனார், "அமெரிக்காக்காரன் பல்லி எச்சில்ல இருந்து சர்க்கரைக்கு மருந்து எடுத்துட்டான். நம்ம பெரியவங்க உடும்புக்கறின்னு அன்னைக்கே சொல்லிட்டுப் போயிட்டாங்க" என்று ஆரம்பித்துவிட்டார். மலையடிவாரத்தில் ஆள் இருக்கிறதாம், சொன்னால் உடும்பு வந்துவிடுமாம். பல்லிக்கு வால் அறுந்தால் முளைக்கிறதே, அந்தச் சத்து கறி வழியாகப் புண்ணுக்கும் போகும் என்கிறார். மாமனாரும் ஆசைப்படுகிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. எச்சில் மருந்து என்பது உண்மையா? உண்மை என்றால் கறியில் மட்டும் ஏன் இருக்காது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதெல்லாம் அப்புறம், முதலில் அந்தப் புண். சர்க்கரைக்காரருக்குக் காலில் ஆறாத புண் என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. இந்தக் கடிதத்தைப் படித்து முடிப்பதற்குள் யாரையாவது வண்டி எடுக்கச் சொல்லுங்கள். உடும்பு வருகிறது, பார்க்கலாம் என்று காத்திருந்து விரலையும் பாதத்தையும் இழந்தவர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள்.

சரி, ஆடியோவுக்கு வருகிறேன். அது சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை நீங்கள் மறுக்க வேண்டாம். மறுத்தால் கொழுந்தனார் உங்களை நம்ப மாட்டார். உண்மைக் கதையை முழுசாகச் சொல்லிவிடுங்கள், மிச்சம் தானாகத் தெளியும்.

அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனத்திலும் அதை ஒட்டிய மெக்சிகோவிலும் ஹீலா மான்ஸ்டர் என்று ஒரு பல்லியினம் இருக்கிறது. தடித்த உடம்பு, கறுப்பும் ஆரஞ்சுமாகத் தோல், கடித்தால் எச்சிலோடு விஷம் இறங்கும். வருடத்தில் சில தடவை வயிறு நிறையத் தின்றாலே அதற்குப் போதும். அதன் விஷம் கணையத்தைத் தூண்டுவதை 1980-களிலேயே பார்த்திருந்தார்கள். நியூயார்க்கில் பிராங்க்ஸ் பகுதியில் உள்ள முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனையில் வேலை பார்த்த ஜான் எங் என்ற மருத்துவர் அந்த விஷத்தை எடுத்து ஆராய்ந்தார். அவர் தேடியது புதிய ஹார்மோன்களை. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி; அதில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தில் தொடங்கும் சங்கிலிகளைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை முறையை வைத்திருந்தார். அந்த வலையில் 39 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு குட்டிப் புரதம் மாட்டியது. எக்செண்டின்-4 என்று பெயர் வைத்து 1992-ல் வெளியிட்டார்.

இனி வருவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். நாம் சாப்பிட்டதும் நம் குடலில் ஜி.எல்.பி-1 என்று ஒரு ஹார்மோன் சுரக்கிறது. "சர்க்கரை ஏறுகிறது, இன்சுலினை விடு" என்று கணையத்துக்குச் சொல்வது அதன் வேலை. ஆனால் அதற்கு ஆயுள் இரண்டு நிமிடம் போலத்தான். ரத்தத்தில் இருக்கும் டி.பி.பி-4 என்ற நொதி அதன் தலையில் முதல் இரண்டு அமினோ அமிலங்களை நறுக்கிவிடும். நறுக்கியதும் அது வேலைக்கு ஆகாது. ஹீலாவின் எக்செண்டினுக்கும் நம் ஹார்மோனுக்கும் ஏறக்குறையப் பாதி ஒற்றுமை. கணையம் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது. ஆனால் நம்முடையதில் இரண்டாவது இடத்தில் அலனின் இருக்கிறது, ஹீலாவுடையதில் கிளைசின். ஒரே ஒரு இடம். அந்த இடம் மாறியிருப்பதால் நொதியால் அதை வெட்ட முடியவில்லை. மணிக்கணக்கில் ரத்தத்தில் நின்று வேலை செய்கிறது.

அதே சங்கிலியைத் தொழிற்சாலையில் ரசாயன முறையில் கோத்து எக்ஸெனடைட் என்ற ஊசி மருந்தாக்கினார்கள். 2005-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கண்டுபிடித்ததில் இருந்து 13 வருடம். நோயாளி போட்டுக்கொள்ளும் மருந்துக்காக ஒரு ஹீலாவைக்கூடப் பிடிப்பதில்லை. இப்போது எல்லோரும் பேசும் ஓசெம்பிக்கையும் பல்லி எச்சில் என்கிறார்கள், அது சரியில்லை. அது மனித ஹார்மோனைத் திருத்தி எழுதியது. ஆனால் அதிலும் அந்த இரண்டாவது இடத்தை மாற்றித்தான் வைத்திருக்கிறார்கள்.

இப்போது உங்கள் கேள்வி. கறியில் ஏன் இருக்காது?

இதற்குப் பதில் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. மாமனார் ஏன் இன்சுலினை ஊசியாகப் போட்டுக்கொள்கிறார்? குடித்தால் ஆகாதா? ஆகாது. இன்சுலினும் புரதம்தான், 51 அமினோ அமிலம். விழுங்கினால் இரைப்பையில் பெப்சின் என்ற நொதியும் குடலில் டிரிப்சின் என்ற நொதியும் அதைத் துண்டுதுண்டாக்கிவிடும். பருப்பு சாப்பிட்ட மாதிரிதான் ஆகும். நூறு வருடத்துக்கு முன் மாட்டுக் கணையத்தில் இருந்தும் பன்றிக் கணையத்தில் இருந்தும் இன்சுலின் எடுத்த காலத்தில்கூட, கணையத்தைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டுப் பயனில்லை. பிரித்தெடுத்து ஊசியில்தான் ஏற்றினார்கள்.

ஓசெம்பிக்கில் இருக்கும் செமாகுளுடைட் மாத்திரையாகவும் வருகிறதே என்று கொழுந்தனார் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதை வயிற்றில் காப்பாற்றி உள்ளே அனுப்புவதற்கென்றே தனியாக ஒரு ரசாயனம் சேர்க்கிறார்கள். வெறும் வயிற்றில், கொஞ்சமே தண்ணீரோடு விழுங்க வேண்டும். அப்படியும் நூற்றில் ஒரு பங்குதான் ரத்தத்தில் சேருகிறது, அதுகூட முழுசாக இல்லை. இத்தனை பாடுபட்டும் இவ்வளவுதான். மிளகு போட்டு வறுத்த கறி என்ன செய்துவிடும்?

அந்த வறுவலை இன்னும் கொஞ்சம் யோசியுங்கள். இன்சுலின் குப்பியை நீங்கள் ஏன் பிரிட்ஜில் வைக்கிறீர்கள்? சூடு பட்டால் கெட்டுவிடும் என்பதால். கெடுவது என்றால் என்ன? சங்கிலி அறுந்துவிடுகிறது என்று அர்த்தமில்லை. அது மடிந்து நிற்கும் வடிவம் குலைகிறது. முட்டையை வேகவைக்கும்போது வெள்ளைக்கரு கெட்டியாகிறதே, அங்கே நடப்பதும் அதுதான். புரதத்துக்கு வேலை என்று ஒன்று இருந்தால் அது அந்த வடிவத்தில்தான் இருக்கிறது. வடிவம் போனபின் அது சாப்பாடு மட்டும்தான். உடும்புக்கறியில் கிடைக்கும் அமினோ அமிலத்துக்கும் கொள்ளில் கிடைக்கும் அமினோ அமிலத்துக்கும் உடம்பு வித்தியாசம் பார்ப்பதில்லை. கொள்ளு ரசம் வையுங்கள்.

உயிரோடு இருக்கும் பல்லிக்கும் இந்தச் சூட்டுப் பிரச்சினை உண்டு. விலங்கியல் படித்தவர் என்பதால் சொல்கிறேன், உங்களுக்குப் பிடிக்கும். நமக்கு வெயிலானாலும் மழையானாலும் உடம்பு 37 டிகிரியில் நிற்கிறது. பல்லிக்கும் ஓணானுக்கும் அந்த வசதி இல்லை. வெளிச்சூட்டை நம்பித்தான் அவற்றின் உடம்பு. பங்குனி, சித்திரையில் பாலக்காட்டுக் கணவாயில் 40 டிகிரி தாண்டும்போது பாறைமேல் இருக்கும் ஓணானின் செல்லுக்குள் புரதங்கள் குலையத் தொடங்கும். அப்போது வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்று ஒரு கூட்டம் வந்து, குலைகிறவற்றைப் பிடித்து, மறுபடி மடிய உதவுகிறது. பாலைவனப் பல்லிகளையும் குளிர்ப்பகுதிப் பல்லிகளையும் ஒப்பிட்டு 1990-களின் தொடக்கத்தில் ரஷ்ய ஆராய்ச்சியாளர்கள் ஒன்றைக் கண்டார்கள். சாதாரண நாளிலேயே, சூடு ஏறுவதற்கு முன்பே, பாலைவனப் பல்லிகளின் செல்களில் இந்தப் புரதங்கள் அதிகமாக இருந்தன. வெயில் வரும் என்று முன்கூட்டியே ஆள் நிறுத்தி வைத்த உடம்பு! மதியம் தோப்புக்குள் நடக்கும்போது வரப்பில் ஒரு ஓணான் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தால், உள்ளே எவ்வளவு வேலை நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்.

வால் விஷயம். வாலை முளைக்க வைக்கும் தனிச் சத்து என்று பல்லியின் ரத்தத்தில் எதுவும் ஓடுவதில்லை. வால் எலும்புகளுக்குள்ளேயே உடைவதற்கென்று ஒரு பலவீனமான தளம் இருக்கிறது, தசை இறுக்கிப் பிடித்ததும் அங்கே பிரிந்துவிடும். அப்புறம் முளைக்கிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கென்ரோ குசுமியின் குழு, அனோல் என்ற பச்சை நிறச் சிறு பல்லியின் முளைக்கும் வாலை எடுத்துப் பகுதி பகுதியாகப் பார்த்தது. குறைந்தது 326 மரபணுக்கள், வாலின் இன்ன இடத்தில் இது என்று குறிப்பிட்ட இடங்களில் விழித்து வேலை செய்வதாக 2014-ல் எழுதினார்கள். வால் முளைக்க 60 நாளுக்கு மேல் ஆகிறது. அந்த மரபணுக்களில் பெரும்பாலானவை நம்மிடமும் இருக்கின்றன. எது எப்போது எங்கே விழிக்க வேண்டும் என்ற ஒழுங்குதான் நம்மிடம் இல்லை. ஒழுங்கைக் குழம்பில் போட்டுக் கொடுக்க முடியாது.

அப்படி முளைத்த வாலும் பழைய வால் அல்ல. வீட்டில் டியூப்லைட் பக்கம் வரும் பல்லிகளில் ஒன்றையாவது உற்றுப் பாருங்கள். வாலில் ஓரிடத்தில் மோதிரம் போட்ட மாதிரி ஒரு கோடு தெரியும். அதற்கு மேலே பட்டையும் புள்ளியுமாக இருக்கும், கீழே ஒரே சாம்பல், செதில் வரிசையும் வேறாக இருக்கும். உள்ளே எலும்புக் கண்ணிகள் கிடையாது, நீளமான ஒரு குருத்தெலும்புக் குழாய் மட்டும். கலிபோர்னியாவில் தாமஸ் லொசிட்டோவின் குழு, மரபணு திருத்திய கரு நிலை நரம்புச் செல்களை வைத்து, வெறும் குழாயாக இல்லாமல், மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் வேறுபட்டு அமைந்த வாலைப் பல்லிக்கு முளைக்க வைத்தது. அது 2021-ல். நாளைக்கு ஆறாத புண்ணுக்கும் தேய்ந்த மூட்டுக்கும் ஏதாவது வழி பிறந்தால் இப்படிப்பட்ட வேலையில் இருந்துதான் பிறக்கும். அதற்குப் பல்லிகள் உயிரோடு இருக்க வேண்டும்.

உடும்பைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். வேலந்தாவளம் பக்கம் ஒரு தோப்பில் விற்பனைக்குக் கொண்டுவந்த உடும்பைப் பார்த்திருக்கிறேன். நாலு காலையும் முதுகுக்குப் பின்னால் திருப்பிக் கட்டியிருந்தார்கள். நகம் ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நகத்தைவிட நீளம். ஓட முடியாது, புரள முடியாது. ஆனால் பிளவுபட்ட அந்த நாக்கு மட்டும் வெளியே வந்து வந்து காற்றைத் தொட்டுவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தது. இடம் என்ன, எதிரே யார் என்று அது வாசம் பிடித்துக்கொண்டே இருந்தது. சுற்றி நின்றவர்கள் ரத்தத்துக்கும் கொழுப்புக்கும் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். மூட்டுவலிக்கு, மூச்சிரைப்புக்கு, ஆண்மைக்கு என்று ஆளுக்கு ஒன்று. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அந்தப் பிராணி நம் தோப்பில் என்ன செய்கிறது தெரியுமா? எருக்குழியையும் சருகையும் கிளறி வண்டும் புழுவும் தின்கிறது. செத்ததைத் தின்று இடத்தைச் சுத்தமாக்குகிறது. எலியையும் விடாது. தென்னையில் காண்டாமிருக வண்டுக்கு மருந்து வைத்து அலுத்துப் போனவர்கள் உடும்பைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

சட்டத்தையும் கொழுந்தனார் காதில் போட்டுவையுங்கள். 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உடும்பு இருக்கிறது. புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. கொன்றாலும் விற்றாலும் வாங்கினாலும் 3 முதல் 7 வருடம் வரை சிறை. எல்லைக்கு இந்தப் பக்கம் கேரள வனத்துறை, அந்தப் பக்கம் தமிழ்நாட்டு வனத்துறை, சட்டம் இரண்டுக்கும் ஒன்றே. விற்க வருகிறவர் தப்பிவிடுவார், பெரும்பாலும் மாட்டுவது சட்டி வைத்த வீடு.

மாமனாரிடம் பக்குவமாகப் பேசுங்கள். அவர் கேட்பது உடும்பை அல்ல, புண் ஆறுவதை. பல வருடம் ஊசி குத்திக்கொண்ட மனுஷனுக்கு வேறு ஏதாவது கிடைக்காதா என்று தோன்றுவது இயல்பு. எக்ஸெனடைட் வகை மருந்து அவருக்குப் பொருந்துமா என்பதைச் சிறுநீரகம், கணையம் எல்லாம் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். போகும்போது கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. அதுவரை போட்டுக்கொண்டிருக்கும் இன்சுலினை ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம்.

கோடை வருகிறது என்பதால் இதையும் சேர்த்துவிடுகிறேன். திறக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், பிரிட்ஜின் கதவிலோ நடுத்தட்டிலோ. பிரீசரில் வேண்டாம், உறைந்தாலும் அந்த வடிவம் குலைந்துவிடும். மருந்துக்கடையில் வாங்கியதும் வண்டிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வெயிலில் சுற்ற வேண்டாம். கரண்ட் நீண்ட நேரம் போனால், குப்பியைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு, ஈர மணல் பரப்பிய மண்பானைக்குள் நிழலில் வையுங்கள். தெளிவாக இருக்க வேண்டிய வகையில் கலங்கலோ துணுக்கோ தெரிந்தால் பயன்படுத்த வேண்டாம். திறந்த தேதியைக் குப்பியிலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். பெரும்பாலானவற்றுக்கு 28 நாள்தான் கணக்கு.

அன்புடன்.