சிக்னல் இல்லாத மலையில் பாம்பு கடித்தால்…

கேள்வி: டிசம்பர் லீவில் நாங்கள் நான்கு பேர் மேற்குத் தொடர்ச்சி மலையில் ட்ரெக்கிங் போகிறோம். தார் ரோட்டிலிருந்து உள்ளே ஏழு கிலோமீட்டர். பாதி வழிக்கு மேல் போன் எடுக்காது. பாம்பு விஷத்தை உறிஞ்சும் பம்ப் ஒன்று ஆன்லைனில் கிடைக்கிறதே, வாங்கலாமா? விஷமுறிவு ஊசியையே கையோடு கொண்டுபோக முடியுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். அந்தக் காசில் கணுக்கால் மூடிய ஷூவும் இரண்டு கிரேப் பேண்டேஜும் வாங்குங்கள்.

பம்ப் உறிஞ்சி எடுப்பது பெரும்பாலும் ரத்தமும் நீரும்தான். பல் இறங்கிய ஆழத்தில் இருக்கும் விஷம் அதற்கு எட்டாது. தோல்தான் கூடுதலாகப் புண்ணாகும். ஊசி விஷயம் வேறு. ஏ.எஸ்.வி. என்கிற விஷமுறிவு மருந்து பெரும்பாலும் தூளாக வரும். கரைத்து ரத்தக்குழாயில் ஏற்ற வேண்டும், ஆரம்ப அளவே பொதுவாக 10 குப்பி. குதிரையின் ரத்தத்திலிருந்து தயாராவதால் சிலருக்கு ஏற்றிய சில நிமிடங்களில் ஒவ்வாமை வந்து பிரஷர் விழுந்துவிடும். ஆஸ்பத்திரியில் நாங்களே பக்கத்தில், அந்த ஒவ்வாமையை அடக்கும் அட்ரினலின் ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டுதான் ஆரம்பிப்போம். ஆக, மலையில் நீங்கள் செய்யக்கூடிய வைத்தியம் ஆளைப் பத்திரமாகக் கீழே இறக்குவதுதான்.

கடித்ததும் நாலடி விலகி அவரைப் படுக்க வையுங்கள். மோதிரம், மெட்டி, கொலுசு, வாட்ச், ஷூ எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள்; வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். கடிவாயைக் கீற வேண்டாம், வாய் வைத்து உறிஞ்ச வேண்டாம். மேலே கயிறு கட்டுவதும் கூடாது. இன்றைக்கும் தொடையில் துண்டை முறுக்கிக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். கீழே கால் கறுத்துக் கிடக்கும். அந்தக் கட்டைச் சட்டென்று அவிழ்த்தால் தேங்கிய விஷம் மொத்தமாக ஏறும் என்பதால், டிரிப் போட்டு மருந்தைத் தயாராக வைத்த பிறகே அதில் கை வைப்போம். ஆஸ்திரேலிய வீடியோக்களில் கால் முழுக்க இறுக்கிச் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நரம்பைத் தாக்கும் பாம்புகள் அதிகம். நம் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் போன்றவையோ கடித்த இடத்துச் சதையையே அழுகவைப்பவை. அதனால் இங்கே அப்படி இறுக்க வேண்டாம்.

உங்கள் கிரேப் பேண்டேஜ் வேறு வேலைக்கு. எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல, ஊன்றுகோலைக் கால் ஓரமாக வைத்துச் சுற்றுங்கள். உள்ளே ஒரு விரல் நுழைய வேண்டும். தசை அசைய அசைய விஷம் ஏறும். அசையாமல் வைக்கத்தான் இந்தக் கட்டு. பிறகு ஒரு பால்பாயின்ட் பேனா எடுங்கள். கடித்த நேரத்தை அவர் கையிலேயே எழுதுங்கள். வீக்கம் எதுவரை வந்திருக்கிறதோ அங்கே ஒரு கோடு, அரை மணிக்கு ஒரு முறை அடுத்த கோடு. நான்கு பேர் ஒரே நேரத்தில் பதறிச் சொல்லும் கதையைவிட அந்தக் கோடுகள் எனக்கு அதிகம் சொல்லும்.

இனிதான் சிக்கல். கடிபட்டவர் நடக்கக் கூடாது என்பார்கள், சரிதான். ஏழு கிலோமீட்டர் உள்ளே இருப்பவர் வேறு என்ன செய்வார்? மலைக்கிராமங்களில் கர்ப்பிணிகளைக்கூட டோலி கட்டித்தான் இறக்குகிறார்கள். உறுதியான போர்வையும் நீளமான கம்பும் இருந்தால் நீங்களும் கட்டலாம். ஆனால் நால்வரில் ஒருவர் கடிபட்டவர், ஒருவர் சிக்னல் தேடிப் போக வேண்டியவர். மீதி இருவர் சரிவில் வெகுதூரம் சுமக்க முடியாது. வனத்துறை அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் இல்லாமல் போகாதீர்கள் என்று நான் சொல்வதற்குச் சட்டத்தைவிட இதுதான் காரணம்: அவர் குரல் கொடுத்தால் ஆள் வரும். தூக்க வழியே இல்லையென்றால், கட்டிய காலோடு இருபுறமும் தாங்கிப் பிடித்து, நின்று நின்று மெதுவாக நடத்தி வாருங்கள். உட்கார்ந்திருந்து இருட்டவிடுவதைவிட அது மேல். முன்னால் போகிறவர் கையில் நேரம், இடம், அறிகுறி எழுதிய சீட்டு இருக்கட்டும். 108-க்கு ரோட்டில் எந்த இடத்துக்கு வர வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும்.

வழியில் முகத்தைக் கவனியுங்கள். இமை சொருகுகிறதா, பேச்சு குழறுகிறதா, எச்சில் விழுங்க முடிகிறதா? நல்ல பாம்பு, கட்டுவிரியன் விஷம் இப்படித் தெரியும். ஈறில் ரத்தம், கடிவாயில் நிற்காத கசிவு, சிறுநீர் சிவப்பது எல்லாம் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் பக்கம். கட்டுவிரியன்தான் ஏமாற்றும். ராத்திரி தரையில் தூங்குகிறவரைக் கடிக்கும். வலி இருக்காது, பல் தடம்கூடத் தெரியாது. விடியலில் வயிற்றுவலி என்பார், பிறகு கண் திறக்காது. அசைவே இல்லாமல், செத்தவர்போலக் கிடப்பவருக்குக் காது கேட்டுக்கொண்டிருக்கலாம். மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டே இருங்கள். வென்டிலேட்டர் கிடைக்கும்வரை தாக்குப்பிடித்தால் பிழைக்க வைக்கலாம். வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், புரூஃபென் தொடாதீர்கள், ரத்தக்கசிவு கூடும்.

பாம்பை அடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடி வாங்கியதுண்டு. தூரத்திலிருந்து போட்டோ கிடைத்தால் எடுங்கள், இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நம் ஏ.எஸ்.வி. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் பொதுவானது. மலையில் மட்டும் போட்டோவுக்கு ஒரு மதிப்பு உண்டு. காப்பித் தோட்டச் சருகில் கிடக்கும், மூக்கு நுனி தூக்கிய சின்னக் குழிவிரியனைச் சுருட்டை என்று தவறாக நினைத்துவிடுவதுண்டு. அதன் விஷத்துக்கு இந்த மருந்து வேலை செய்யாது. அந்த விஷம் சிறுநீரகத்தைக் கெடுக்கவும் கூடும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அடிவாரத்து அரசு மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். ஏ.எஸ்.வி. கையிருப்பு உண்டா, இரவில் டாக்டர் இருப்பாரா, வென்டிலேட்டரும் டயாலிசிஸும் உள்ள அடுத்த ஆஸ்பத்திரி எது என்று மூன்றே கேள்விகள். பதிலை நான்கு பேரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், போனில் அல்ல, காகிதத்தில்.